சாயப்பட்டறை இருந்த பூமி என் பங்குக்கு வருகிறது: வாங்கிக்கொள்ளலாமா?

காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட ஒரு ஊரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா தவறி ஒரு வருடம் ஆகிறது. மொத்தம் 7 ஏக்கர் பூமி. மேல்பக்கம் நாலரை ஏக்கரில் தென்னந்தோப்பும் கிணறும். கீழ்பக்கம் ரோட்டோரமாக இரண்டரை ஏக்கர். அந்தக் கீழ்ப் பூமியை 1996-ல் ஒரு சாயப்பட்டறைக்கு அப்பா வாடகைக்கு விட்டிருந்தார். 2011-ல் பட்டறை மூடப்பட்டது. நடத்தியவர் வின்ச் மெஷின்களையும் பாய்லரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஷெட், கழிவுநீர் தேக்கிய இரண்டு மண் தொட்டிகள், மூலையில் அடுக்கிய ஸ்லட்ஜ் (கழிவுக் கசடு) மூட்டைகள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. தொட்டிகளை 2013-ல் செம்மண் அடித்து மூடியிருக்கிறார்கள். இப்போது பாகம் பிரிக்கிறார்கள். இரண்டு அண்ணன்களும், "அம்மிணி, ரோட்டு மேல இருக்கற எடத்தையே உனக்குக் குடுக்கறோம், வெல மதிப்பு அதுக்குத்தான் சாஸ்தி" என்கிறார்கள். இவருக்கு அங்கே வீடு கட்டி நாலு மாடு வைத்துக்கொள்ள ஆசை. போர் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்: டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு) 3,100, குளோரைடு 1,350, கடினத்தன்மை 980, பிஎச் 7.9, நிறம் இல்லை. மண்ணை வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கொடுத்ததற்கு, தாமிரமும் துத்தநாகமும் போதுமான அளவு இருப்பதாக மண் வள அட்டை வந்திருக்கிறது. "மண் நன்றாக இருக்கிறது, தண்ணீர்தான் உப்பு. ஆயிரம் அடிக்குப் போர் போட்டு ஆர்ஓ வைத்தால் போதும் அல்லவா? பதினைந்து வருட மழையில் மற்றதெல்லாம் கழுவிப் போயிருக்கும் அல்லவா? பொல்யூஷன் போர்டில் சொன்னால் நிலத்தைப் பூட்டிவிடுவார்கள் என்று அண்ணன் பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதினீர்களே, அதுவே பெரிய நிம்மதி. பங்கை வேண்டாம் என்று சொல்லச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த இரண்டரை ஏக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வரை பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டாம். அண்ணன்கள் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ரோட்டு மதிப்பை மட்டும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அடியில் இருப்பது அவர்களுக்கும் தெரியாது.

கையில் இருக்கும் இரண்டு ரிப்போர்ட்டுகள்

மண் வள அட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். அது பயிருக்கு எந்தச் சத்து குறைகிறது என்று பார்க்கிற சோதனை. தழை, மணி, சாம்பல் சத்துகள், பிஎச், உப்பு நிலை, நுண்ணூட்டங்கள் என்று 12 விஷயங்கள். தாமிரம், துத்தநாகத்தில்கூடப் பயிர் எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும்தான் அளப்பார்கள். "போதுமான அளவு" என்றால் செடிக்கு உரம் தேவையில்லை என்று அர்த்தம். மண்ணில் குரோமியம் இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, சாயத்தின் மிச்சம் இருக்கிறதா என்று அந்த ஆய்வகத்தில் யாரும் பார்க்கவே இல்லை. மாதிரியும் மேல் ஆறு அங்குலத்தில் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு அங்குலம் 2013-ல் வேறு எங்கிருந்தோ டிப்பரில் வந்த செம்மண்ணாகவும் இருக்கலாம்!

தண்ணீர் ரிப்போர்ட் உண்மையைச் சொல்கிறது, ஆனால் பாதிதான். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. குளோரைடுக்கு 250, அதிகபட்சம் 1,000. உங்களுடையது இரண்டையும் தாண்டிவிட்டது. குடிக்கக் கூடாது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பைக் கொட்டித்தான் ஆக வேண்டும், அதனால் பட்டறைக்கும் இந்த உப்புக்கும் தொடர்பு இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஆனாலும் நம் காங்கேயம் பக்கத்துத் தண்ணீர் பட்டறைகள் வருவதற்கு முன்பும் பல இடங்களில் உப்புக் கரித்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் எவ்வளவு இயற்கை, எவ்வளவு பட்டறை என்று பிரித்துப் பார்க்க ஒப்பீடு வேண்டும். அந்த ஒப்பீடு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: மேல்தோட்டத்துக் கிணறு.

தண்ணீரில் நிறம் இல்லை என்பதில் நீங்கள் ரொம்ப நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள். உப்புக்கு நிறம் கிடையாது. சாயத்தின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியாக்கள் அசோ என்ற வகைச் சாயங்களை உடைக்கும்போது நிறம் போய்விடும், ஆனால் சில சாயங்கள் உடைந்து அரோமேட்டிக் அமீன் என்ற வகைப் பொருட்களாகும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. அப்படிப்பட்ட சாயங்களை இந்தியாவில் 1990-களில் தடை செய்தார்கள். உங்கள் பட்டறை தொடங்கியது 1996-ல். என்ன சாயம் ஓட்டினார்கள் என்பது அங்கே வேலை செய்த ஆட்களுக்குத்தான் தெரியும். கருப்புக்குச் சல்ஃபர் சாயம் போட்டிருந்தால், அதை நிலைநிறுத்த டைகுரோமேட் சேர்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். குரோமியம் அந்த வழியாகவும் வரும்.

"மாடு குடிக்கிறதே" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாடு நம்மைவிட அதிக உப்பைத் தாங்கும். அது குடிப்பதை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மழை கழுவிவிடாதா? ஆழமாகப் போட்டால் வராதா?

ஒரு பேச்சுக்கு, பட்டறை ஒரு நாளைக்கு 50,000 லிட்டர் கழிவுநீர் விட்டதாகவும் அதன் டிடிஎஸ் 6,000 என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 300 கிலோ உப்பு. வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 90 டன். இதில் கால்வாசி உங்கள் மண் தொட்டிகள் வழியாக இறங்கியிருந்தாலும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி மாதங்களில் வெயில் ஈரத்தை மேலே இழுக்கும், உப்பும் கூடவே ஏறும். ஷெட்டுச் சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். மழை உப்பைக் கீழே தள்ளும், வெயில் மேலே கொண்டுவரும். நொய்யல் ஆறே இதற்குச் சாட்சி. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப்போனது, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகும் ஆற்றங்கரைக் கிணறுகள் உடனே தெளிந்துவிடவில்லை.

ஆயிரம் அடி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர் அடிநிலம் பாறை. தண்ணீர் இருப்பது மேலே சிதைந்த பாறையிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான். பழைய சுவரில் ஈரம் எந்த விரிசலில் இறங்கி எங்கே கசியும் என்று சொல்ல முடியாதே, அதே கதைதான். போர் போடும்போது கேசிங் பைப்பைக் கெட்டிப் பாறை தட்டும் வரை மட்டும் இறக்குவார்கள், அதைச் சுற்றி சிமெண்ட் கரைசல் விட்டு அடைப்பவர்கள் அபூர்வம். அப்படியிருக்க, மாசு நிற்கும் இடத்தில் புதிதாக ஒரு போர் போட்டால், மேலே இருக்கும் கெட்ட தண்ணீருக்கு நீங்களே ஆயிரம் அடிக்கு வழி போட்டுக் கொடுத்தது போலாகிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போரும் சேர்ந்து கெடும். ஆய்வு முடியும் வரை அங்கே போர் வண்டி வரக் கூடாது. இதில் மட்டும் பிடிவாதமாகவே இருங்கள்.

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் மெஷின் வைத்து மின்தடை பார்க்கிறவரிடமும் பட்டறைக் கதையைச் சொல்லிவிடுங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். விவரம் தெரியாதவர் அந்தக் குறைந்த அளவைப் பார்த்துவிட்டு, "இங்கதாங்க நல்ல தண்ணி" என்று கல் நட்டுவிட்டுப் போவார்.

ஆர்ஓ குடிக்கிற தண்ணீருக்கு உதவும். ஆனால் அது தள்ளுகிற கழிவுநீரில் உப்பு இன்னும் கெட்டியாக இருக்கும், அதை மறுபடி அதே மண்ணில்தானே விடுவீர்கள்? வீட்டுக்குக் குடிக்க ஊராட்சிக் குழாய்த் தண்ணீரை வாங்கிக்கொள்வது மேல். அப்புறம், வீடு கட்டவும் இந்தப் போர் தண்ணீர் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று இந்தியத் தரவிதி சொல்கிறது. 1,350-ல் கட்டினால் கம்பி துருப்பிடித்து, தளம் பொரியும்.

ஆய்வை எப்படி நடத்துவது

லேபுக்கு ஓடுவதற்கு முன்னால் காகிதத்தில் தொடங்குங்கள். பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி), அபாயகரக் கழிவு அனுமதி, மூடும்போது பார்வையிட்ட அறிக்கை ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். திருப்பூர் மாவட்டம் பிரிந்தது 2009-ல்தான், அதற்கு முன் காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. அதனால் பழைய கோப்பு ஈரோட்டில் இருக்கலாம். இரண்டு அலுவலகங்களுக்கும் மனுப் போடுங்கள். அப்பா எழுதிய வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பத்திரமாக வையுங்கள், பின்னால் அதுதான் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றப் போகிற காகிதம். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பார்க்கலாம், தொட்டிகள் சரியாக எங்கே இருந்தன என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். அந்தக் காலத்து வேலையாட்களிடம் மூன்று கேள்வி: கழிவுநீர் எங்கே போனது, ஸ்லட்ஜை எங்கே கொட்டினார்கள், பாழடைந்த கிணற்றிலோ வற்றிப்போன போரிலோ எதையாவது இறக்கினார்களா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் ஆய்வின் போக்கே மாறிவிடும்.

அப்புறம் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும். குறைந்தது மூன்று கிணறு அல்லது போரில், முந்தைய இரவே மோட்டாரை நிறுத்தி, ஒரே காலையில் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். சர்வேயரை வைத்து மூன்று கிணற்று வாய்களின் உயரத்தையும் எடுத்துவிட்டால், தண்ணீர் சாயும் திசை ஓரளவு பிடிபடும். பாறை வெடிப்புகள் இந்தக் கணக்கை ஏமாற்றும் என்பதும் உண்மை. ஆனாலும் எதுவும் தெரியாமல் குழி தோண்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மண்ணுக்கு: மூடிய தொட்டிகள், ஷெட்டுக்குள், கழிவுநீர் ஓடிய வாய்க்கால், மழைத் தண்ணீர் வெளியேறும் தாழ்வான மூலை ஆகிய இடங்களில் குழி எடுத்து, மேல்மண், அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று சிதைந்த பாறை வரை தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே பையில் போட்டுக் கொடுக்காதீர்கள், கெட்ட இடம் நல்ல மண்ணோடு கலந்து மறைந்துவிடும். மேல்தோட்டத்திலும் அதே ஆழங்களில் எடுக்க வேண்டும். மண்ணில் உப்பு நிலை, சோடியம் வீதம், மொத்தக் குரோமியம், ஆறிணைக் குரோமியம் (குரோமியத்தின் அதிக நச்சு வடிவம்), ஈயம், தாமிரம், துத்தநாகம், நிக்கல், காட்மியம் பாருங்கள். தொட்டி இருந்த இடத்தில் மட்டும் அரோமேட்டிக் அமீன்களையும் பாருங்கள், அந்தச் சோதனைக்குச் செலவு அதிகம், எல்லா இடத்திலும் தேவையில்லை. ஸ்லட்ஜில் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் போதாது, தண்ணீர் பட்டால் எவ்வளவு கசியும் என்ற கசிவுச் சோதனையும் வேண்டும்.

போர் தண்ணீர் எடுக்கும்போது, மோட்டார் போட்டதும் வருவது பைப்பில் தேங்கிய பழைய தண்ணீர். டிடிஎஸ் மீட்டரில் எண் மாறாமல் நிற்கும் வரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். உலோகத்துக்கு ஒரு பாட்டில், அதில் லேப் ஆள் வடிகட்டி அமிலம் சேர்ப்பார். அமீனுக்குக் கண்ணாடி பாட்டில், ஐஸ் பெட்டி. கழுவிய கோலா பாட்டிலில் நீங்களே பிடித்துக்கொண்டு போனால் அந்த எண்ணை வாரியமோ நீதிமன்றமோ ஏற்காது. என்ஏபிஎல் (லேப்களின் தரத்துக்குச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிற லேபைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் வாசலில் மாட்டிய போர்டைப் பார்த்துத் திருப்தியடையாமல், நீங்கள் கேட்கிற ஒவ்வொரு சோதனைக்கும் அங்கீகாரம் உண்டா என்ற பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஒரு முறை எடுத்தால் போதாது. சித்திரை, வைகாசியில் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று. கீழ்பவானி வாய்க்கால் கசிவு எட்டுகிற பகுதியாக இருந்தால், தண்ணீர் திறந்திருக்கிற மாதத்தில் எடுத்த எண் நல்லபடியாகத் தெரியும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அதுவரை ஷெட்டுக்குள் குழந்தைகள் வேண்டாம். மூட்டைகளைப் பிரிக்க வேண்டாம். மூடிய தொட்டியைத் தனியாக ஜேசிபி வைத்துக் கிண்டி யாரும் உள்ளே இறங்க வேண்டாம், பழைய கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஆளையே கொல்லும். "நாங்க எடுத்துட்டுப் போறோம்" என்று லாரிக்காரர் யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். அது ராத்திரி ஏதாவது ஓடையில் கொட்டப்படும், மூட்டை வெளியே போனதற்கு விசாரணை உங்கள் வீட்டுக்கு வரும். சுத்திகரிப்பில் வரும் வேதிக் கசடு அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இருப்பது. கும்மிடிப்பூண்டி போன்ற அனுமதி பெற்ற இடத்துக்கு, அனுமதி பெற்ற வண்டியில், ரசீதோடுதான் போக வேண்டும்.

வாரியத்திடம் சொன்னால் பூட்டிவிடுவார்களா?

அண்ணனின் பயம் முழுக்கத் தப்பில்லை. மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதல் கட்ட ஆய்வை 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் விரிவான ஆய்வுக்கு இன்னும் மூன்று மாதம். மாசு உறுதியானால் இடத்தை அறிவிப்பார்கள், புழக்கத்துக்குக் கட்டுப்பாடு வரும். அதே விதிகள்தான், மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்யும் செலவை அவர் தலையில் போடவும், அவரால் முடியாவிட்டாலோ ஆளே கிடைக்காவிட்டாலோ அரசுகள் ஏற்கவும் வழி சொல்கின்றன. நீங்களாகவே சொன்னால் பட்டறைக்காரர் பக்கம் விசாரணை திரும்பும். மறைத்து வைத்துப் பக்கத்துக் கிணற்றுக்காரர் புகார் கொடுத்தால், முதலில் நோட்டீஸ் வருவது நிலத்தின் இன்றைய சொந்தக்காரருக்கு. அது நீங்களாக இருப்பீர்கள்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது புதிய பேச்சு இல்லை. ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே பிச்ரி என்ற ஊரில், சாயத்துக்கான எச்-ஆசிட் தயாரித்த ஆலைகளின் கழிவால் கிணறுகள் கெட்டுப்போன வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இழப்பீடு கேட்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். ஆனால் பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்ததிலிருந்து 5 வருடம் என்று கால வரம்பு உண்டு. 2011-ல் மூடிய பட்டறைக்கு அது எங்கிருந்து கணக்கு என்பதை வக்கீல்தான் பார்க்க வேண்டும், சீக்கிரம் கேளுங்கள்.

பாகத்தில் என்ன கேட்பது

சம பங்கு என்பது மதிப்பில் சமமாக இருப்பது. ரோட்டு மதிப்பைக் கணக்கில் ஏற்றுகிறவர்கள் சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் ஏற்றத்தானே வேண்டும்? எனக்குப் பிடித்த வழி, ஆய்வு முடியும் வரை கீழ்ப் பூமியை மட்டும் மூவர் பெயரிலும் பொதுவாக விட்டுவைத்து, மேல் பூமியை இப்போது மூன்றாகப் பிரிப்பது. அண்ணன்கள் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், கீழ்ப் பூமியை நீங்கள் வாங்கிக்கொண்டு பத்திரத்திலேயே மூன்று விஷயம் எழுத வேண்டும்: எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை அங்கே சாயப்பட்டறை நடந்தது என்ற உண்மை, ஸ்லட்ஜ் அகற்றும் செலவும் சுத்திகரிப்புச் செலவும் மூவருக்கும் பொது என்ற ஒப்புதல், மேல்தோட்டத்துக் கிணற்றிலிருந்து உங்களுக்குப் பைப் போட்டுத் தண்ணீர் எடுக்கும் உரிமை. பாகத்துக்குப் பதிலாகப் பணம் என்றால் அதுவும் சரிதான், ஆனால் தொகையை ஆய்வு முடிவுக்கு முன்னால் பேசாதீர்கள். நாளைக்கு விற்கலாம் என்று நினைத்தாலும், தெரிந்த குறையை மறைத்து விற்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் விற்பவர் மேல்தான் அந்தக் கடமையை வைக்கிறது.

இரண்டரை ஏக்கரும் கெட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் தொட்டி, வாய்க்கால், தாழ்வான மூலை என்று திட்டுத் திட்டாகத்தான் கெட்டிருக்கும். உலோகம் அளவுக்குள் இருந்து, உப்பு மட்டும்தான் பிரச்சினை என்று வந்தால் வழி நிறைய இருக்கிறது. சோடியம் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம் போடலாம். தளம் போட்டுக் குடோன் கட்டி வாடகைக்கு விடலாம், கட்ட வெளித் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்துக் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) மாதிரி கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரத்தோடு கொழுக்கட்டைப் புல் விடலாம், மாட்டை மேயவிடுவதற்கு முன் புல்லிலும் உலோகம் பார்த்துவிட்டு. ஆறிணைக் குரோமியமோ அமீனோ தண்ணீரில் வந்துவிட்டால் வீட்டு யோசனையையும் மாட்டு யோசனையையும் அந்தப் பூமியில் விட்டுவிடுங்கள். அப்போது வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது, பக்கத்துக் கிணற்றுக்காரர்களுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

அண்ணன்களிடம் பேசும்போது சந்தேகத்தில் தொடங்காதீர்கள். "நம்ம கெணத்துக்கும் வருமான்னு பாத்துக்கலாம்" என்று தொடங்குங்கள். தென்னந்தோப்புக் கிணறு அவர்கள் பங்குக்குப் போகப்போவது, அதிலும் அவர்களுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆய்வுச் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளக் கேளுங்கள், ரிப்போர்ட் மூன்று பேர் கைக்கும் போகட்டும்.

இந்த வாரம் இரண்டு வேலை. தகவல் உரிமை மனுவைத் தபாலில் போடுங்கள். மேல்தோட்டத்துக் கிணறு, கீழ்ப் பூமி போர், கிழக்குப் பக்கத்துக்காரர் கிணறு மூன்றிலும் காலையில் நீர்மட்டம் அளந்து, புல வரைபட நகலில் தொட்டிகள் இருந்த இடத்தையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். எங்கெங்கே குழி எடுக்க வேண்டும் என்று அதில் குறித்துத் தருகிறேன்.